கைப்பிடி அரிசி

எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்தில் கிறிஸ்தவனாக இருக்க ஒருவன் தனியாக எதுவும் செய்யவேண்டியதில்லை. பிறந்தால் போதும். பிறந்த சில வாரங்களில் ஞானஸ்நானம், நடக்கத் தொடங்கியதும் ஞாயிறு பள்ளி, மீசை அரும்பும் வயதில் திடப்படுத்தல், வேலை கிடைத்ததும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அதே கோயிலில் கல்யாணம், எல்லாம் முடிந்தபின் கோயிலுக்குப் பின்னாலேயே கல்லறைத் தோட்டம். ஊரே நம்மைக் கைப்பிடித்து ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் கூட்டிப்போய்விடும். பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் தூய பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரத்தில் எழுந்து நிற்கும். ஓலைக் கூரையும் செம்மண்ணுமாகக் கிடக்கும் பூமியில் அப்படி ஒரு கோபுரத்தைத் தினமும் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி எழாது. அந்தக் கடவுள் தன்னிடம் ஏதேனும் கேட்கிறாரோ என்ற எண்ணமும் எழாது.

இந்தச் சுலபம் எங்களுக்கு வாய்த்ததுதான். எங்கள் முன்னோர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களுடைய ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன. சொந்த ஊரில் இருக்கமுடியாமல் போனவர்களுக்காக தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் நிலம் வாங்கி 1799இல் உண்டாக்கிய குடியிருப்புதான் முதலூர். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் அது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் பெருகின. வீட்டையும் கிணற்றையும், ஏறிப் பிழைத்த பனைகளையும் விட்டுவிட்டு ஒரு குடும்பம் இரவோடு இரவாக இன்னொரு ஊருக்குப் போவது என்றால் என்ன என்று பிரதிஷ்டைப் பண்டிகைப் பிரசங்கங்களில் ஐயர்மார் உருகி உருகிச் சொல்வார்கள். அப்போது அசனத்துக்காகக் கறி வேகும் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். முதலூர் என்றால் எங்களுக்குத் தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா. அந்த வயதுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

ஞாயிறு சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடும். வேட்டிக்கு நீலம் போட்டுக் காயப்போட்டிருப்பார்கள். மறுநாள் முதல் மணிக்குக் குளித்திருக்கவேண்டும், இரண்டாம் மணிக்குத் தெருவில் இறங்கியிருக்கவேண்டும். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தரையில் உட்கார்ந்திருக்க, காலால் மிதித்து வாசிக்கும் ஹார்மோனியம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பாட்டைத் தொடங்கும். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகளைப் பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைகள் சுருதி பிசகாமல் பாடும். புத்தகம் கொண்டுவராதவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், புத்தகத்தின் ஒரு ஓரத்தை அவரும் மறு ஓரத்தை நாமும் பிடித்துக்கொள்வோம். ஒரு பாட்டு முடிவதற்குள் அவர் நமக்கு மாமாவோ சித்தப்பாவோ ஆகியிருப்பார். இன்று திரையில் வரிகள் பெரிதாக ஒளிர்கின்றன, கண்ணாடி போடாமலே எனக்கு வாசிக்க முடிகிறது. பக்கத்தில் நிற்பவரின் பெயர்தான் தெரிவதில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டிய கோழி என்று அவரவர் நிலமும் வீடும் கொடுத்த முதற்பலன் கோயில் முற்றத்தில் குவிந்திருக்கும். யாரோ ஒரு விதவைக் கிழவி கொண்டுவந்து வைத்த ஒற்றை முட்டையை ஏலக்காரர் தூக்கிக் காட்டுவார். அதன் விலை ஏறும், மேலும் ஏறும். எடுத்தவரே மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பார். கடைசியில் ஒரு ஆட்டின் விலைக்கு அந்த முட்டை போகும்போது கிழவியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! டிசம்பர் இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்தபடி வீடு வீடாக கேரல் பாடிப்போவோம். ஏதோ ஒரு வீட்டில் கருப்பட்டிக் காப்பி காத்திருக்கும். குரல் கம்மி, கால் மண்ணாகி, விடியும் நேரத்தில் வீட்டுக்கு வருவோம். இதையெல்லாம் நான் நேசித்தேன். அந்த நேசம் உண்மையானது. ஆனாலும் அது ஊர்மீது வைத்த நேசம். ஊரின் நடுவில் நின்ற கோயில் அந்த நேசத்துக்குள் அடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. உலை கொதித்ததும், களைந்த அரிசியைப் போடுவதற்கு முன்னால், அம்மா முறத்தில் தனியே வைத்திருக்கும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மாடத்தில் இருந்த சின்னப் பானையில் இடுவாள். தினமும், இரண்டு வேளையும். அரிசி தட்டிய நாட்களில் எங்களுக்குக் கஞ்சி நீர்த்துப்போகும். அந்தப் பிடி மட்டும் சிறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் அவரவர் அரிசியைக் கோயிலில் வைத்திருக்கும் கடவப்பெட்டியில் கொட்டுவார்கள். அரிசி அரிசிமேல் விழும் சத்தம் ஒரு மெல்லிய மழைபோல் கேட்கும். அதை விற்ற பணம் மிஷனரி சங்கத்துக்குப் போகும்.

அந்தச் சங்கத்தின் கதை பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் ஓர் உள்ளூர் குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய நண்பர்களும் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைப் பாளையங்கோட்டையில் தொடங்கினார்கள். ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையவையாகவே இருக்கவேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. வெளியிலிருந்து வாங்கியே பழகிய ஒரு சபை, கொடுக்கக் கற்றுக்கொண்ட நாள் அது. அன்றைய நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அசரியா 1912இல் அதே தோர்னக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். தெலுங்கு பேசும் தேசத்தை வாழ்நாளில் பார்த்திராத பனங்காட்டுத் தாய்மார்களின் காணிக்கை இப்படிப்பட்ட வேலைகளைத் தாங்கியது. வடகிழக்கில் மிசோரம் சபைப் பெண்களும் இதே வழக்கத்தைத் தலைமுறைகளாகக் கைக்கொண்டிருக்கிறார்கள் என்று படித்தபோது, என் அம்மாவுக்கு அந்த மலைகளிலும் உறவுக்காரர்கள் இருப்பதாகத் தோன்றியது. சிறுவயதில் எனக்கு அந்தக் கைப்பிடி அரிசி சமையலின் ஒரு பகுதி. அம்மாவும் அதைப்பற்றிப் பேசியதே இல்லை.

மே மாதத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் கன்வென்ஷன் நடக்கும். கடைசி நாள் இரவு, பிரசங்கியார் குரலைத் தாழ்த்தி, ஆண்டவருக்கு முழுவதும் ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார். ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கும், பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும், என் கை உயரும். அடுத்த வருடமும் உயரும். அந்தக் கை பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அந்த இரவுக்கு அது மெய்தான். விடிந்தபின் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. கொட்டகையைப் பிரித்து ஓலையை ஏற்றிப்போவார்கள், நாங்கள் கல்லூரிக்கு மனுப்போடப் போவோம். இந்தக் காலத்துக் கூட்டங்களில் ஒலியும் ஒளியும் மேலும் நேர்த்தியாக இருக்கின்றன, பிள்ளைகளின் கண்ணீரும் அதே அளவு உண்மையானது. மறுநாள் காலைக்குத்தான் அன்றுபோலவே இன்றும் ஏற்பாடு இல்லை.

பிறகு சென்னை, அலுவலகம், வாடகை வீடு. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவான தூய ஜார்ஜ் பேராலயத்தின் மதிலை ஒட்டித்தான் என் பேருந்து தினமும் போகும். மரங்களுக்குள் அதன் வெள்ளைத் தூண்களைப் பார்ப்பதில் ஊர்க்காரனுக்குரிய ஒரு பெருமிதம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் போனேன், பெரிய வெள்ளிக்கு மூன்று மணி நேரத் தியானத்தில் உட்கார்ந்தேன், டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் நின்று புது வருட வாக்குத்தத்த அட்டை வாங்கிப் பர்ஸில் வைத்தேன். ஜிப் வைத்த உறைக்குள் வேதப்புத்தகம் பத்திரமாக இருந்தது. விண்ணப்பப் படிவங்களில் மதம் என்ற கட்டத்தை நிரப்ப ஒரு கணமும் யோசித்ததில்லை. நானும் என்னைப்போல் ஊரைவிட்டு வந்த எத்தனையோ பேரும் இப்படித்தான் வாழ்ந்தோம். நம்பிக்கை எங்களிடம் இருந்தது, அதற்கு எங்கள் வாரத்தில் ஓர் இடம் மட்டும் இல்லை. வாசிக்கிறவர்களில் சிலருக்கு இது தங்கள் கதையாகவே தோன்றலாம்.

மாற்றம் எந்த மேடையிலிருந்தும் வரவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது குருவானவர், சபையில் ஒரு பழைய தமிழ் டீச்சர் இருக்கிறார்கள், பார்வை போய்விட்டது, யாராவது வேதம் வாசித்துக் காட்டினால் சந்தோஷப்படுவார்கள், உங்களுக்குத்தான் தமிழ் நன்றாக வருமே என்று சொன்னார். மறுக்கக் காரணம் கிடைக்காததால் போனேன். டீச்சர் இடையன்குடிக்காரர்கள். கால்டுவெல் ஐயர் 1841இல் வந்து நெடுங்காலம் இருந்த ஊர், அவரை அடக்கம்பண்ணிய ஊர். மகள் வீட்டின் முன்னறையில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சங்கீதம் ஒன்றைத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

“சங்கீதமெல்லாம் எனக்கு மனப்பாடம் தம்பி. மாற்கு வாசிங்க. முதல் அதிகாரத்துல இருந்து, நடுவுல நிறுத்தாம.”

மாற்கு எழுதிய சுவிசேஷம் நான்கிலும் சிறியது, 16 அதிகாரம். வாய்விட்டு வாசித்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அத்தனை வருடம் கோயிலில் துண்டு துண்டாகக் கேட்டிருந்த எனக்கு, அதை ஒரே மூச்சாக வாசிப்பது புதிய அனுபவமாக இருந்தது. போவர் ஐயரின் குழு திருத்தி 1871இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பின் அந்த நடை நாக்குக்குப் பழகப் பழக, கதையின் வேகம் பிடிபட்டது. அதில் யாரும் சும்மா இருப்பதில்லை. வலையைப் போட்டுவிட்டு எழுந்து வருகிறார்கள், சுங்கச் சாவடியை விட்டுவிட்டு வருகிறார்கள், கூரையைப் பிரித்து நோயாளியை இறக்குகிறார்கள். பத்தாம் அதிகாரத்தில் ஒரு பணக்காரன் ஓடிவந்து முழங்காலிடுகிறான். சிறுவயது முதல் கற்பனைகளை ஒழுங்காகக் கைக்கொண்டவன், நல்லவன். உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு வா என்றதும் துக்கத்தோடு போய்விடுகிறான். அதே அதிகாரத்தின் கடைசியில் எரிகோ சாலையோரத்தில் பர்திமேயு என்ற குருட்டுப் பிச்சைக்காரன். இயேசு அழைக்கிறார் என்று கேட்டவுடன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். அங்கே டீச்சர் மறுபடியும் கையைக் காட்டினார்கள்.

“அவன்கிட்ட இருந்ததே அந்த ஒரு துணிதான் தம்பி. ராத்திரி குளிருக்கு அதான், பகல்ல காசு விழுறதுக்கும் அதான். கண்ணு தெரியாதவன் கைக்கு எட்டுற தூரத்தைத் தாண்டி ஒரு பொருளை எறியமாட்டான். எறிஞ்சா மறுபடி கிடைக்காதுன்னு எனக்குத் தெரியும்.”

பர்திமேயுவின் கதையை ஞாயிறு பள்ளியில் பாட்டாகப் பாடியிருக்கிறேன், நாடகமாக நடித்திருக்கிறேன். அந்த மேல்வஸ்திரத்தை அன்றுதான் பார்த்தேன். ஓர் அதிகாரத்தின் இரண்டு முனைகளில் இரண்டு பேர்: ஒருவனிடம் எல்லாம் இருந்தது, கொண்டுபோய்விட்டான், மற்றவனிடம் ஒன்றே ஒன்று இருந்தது, எறிந்துவிட்டான். பார்வை வந்தபின் அவன் வீட்டுக்குப் போகவில்லை, அவருக்குப் பின்னால் அந்த வழியிலேயே நடந்தான். அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழி என்பது அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் தெரியும். எங்கள் கொள்ளுப்பாட்டன்மார் விட்டுவந்த பனைகளும் அம்மாவின் கைப்பிடியும் என்னவென்று அந்த முன்னறையில் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறும் போனேன், பிறகு எல்லா ஞாயிறும். டீச்சர் மகள் வீட்டுச் சமையலறையில் தடவித் தடவிப் போய்த் தினமும் ஒரு பிடி அரிசியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இட்டு வைத்திருந்தார்கள். எங்கள் சென்னைச் சபையில் அரிசி வாங்குகிற வழக்கம் இல்லை. “யாருக்காவது சேர்த்துருங்க தம்பி” என்று பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு என்று தேடப்போனதில் கோயில் தெருவுக்குப் பின்னாலேயே நான்கைந்து வீடுகள் தெரியவந்தன. வேலைக்குப் போகமுடியாமல் படுத்துவிட்ட ஒருவர், மருந்துச்சீட்டை வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி. ஞாயிறு பிற்பகல் அவர்களுடையதாகிவிட்டது. கிரிக்கெட், தூக்கம், விருந்துகளில் சில தாமாகவே விலகின. நான் அவற்றைத் தியாகம் என்று நினைக்கவில்லை, நினைக்க நேரமும் இல்லை. ஒருநாள் டீச்சரிடம், முழு மனதோடு ஒப்புக்கொடுத்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள இன்னும் தைரியம் வரவில்லை என்றேன். அவர்கள் சிரித்தார்கள்.

“எங்க ஊர்க் கோயிலைக் கட்டி முடிக்க முப்பத்து மூணு வருஷம் ஆச்சு. நீங்க கல்லைச் சுமங்க தம்பி.”

உண்மைதான். இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அஸ்திவாரம் போட்டார்கள், 1880இல்தான் பிரதிஷ்டை நடந்தது. கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தை எழுதி 1856இல் வெளியிட்டதே அந்தக் கட்டடத்துக்கு இன்னும் பாதிக்கும் மேல் காலம் மீந்திருந்த சமயத்தில்தான். அஸ்திவாரத்துக்கு மண் சுமந்தவர்களில் பலர் கோயிலை முழுதாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

டீச்சர் இப்போது இல்லை. அவர்கள் போனபின் காலம் வேகமாக மாறியது. காலையில் கண் விழிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்ட வாக்குத்தத்த வசனங்கள் நிறைந்துவிடுகின்றன. அன்று வருடத்துக்கு ஒரு அட்டை வரும், பன்னிரண்டு மாதமும் அதையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். காணிக்கைப் பைக்குப் பக்கத்தில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்ட மணி பதிவுசெய்த மணியாகிவிட்டது. சீஷெல்ஸ் தீவிலிருந்து இரைச்சலுக்கு நடுவே வந்த ஃபீபா வானொலியை மாலையில் காதருகே வைத்துக் கேட்ட அப்பா, நூறு பிரசங்கிமார் ஒரு விரல் தட்டலில் வருகிற என் போனைப் பார்த்தால் வாயடைத்துப்போவார்.

இவற்றையெல்லாம் நான் பழிக்கமாட்டேன். 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். கோயில்கள் பூட்டியிருந்தன. இருட்டோடு எழுந்து கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியோடு போகிற எங்கள் வழக்கம் நின்றுபோன வருடம் அது. அன்று, பல காலமாகப் படுக்கையைவிட்டு எழாத ஒரு பெரியவர் போனில் அழைத்து, இத்தனை வருடத்துக்குப் பின் இன்று முழு ஆராதனையும் பார்த்தேன், பாட்டும் பாடினேன் என்று சொல்லி அழுதார். அந்த அழுகைக்காகவே அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொல்வேன். எழுந்து நடக்கக்கூடியவர்களும் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வருத்தம். பூட்டைத் திறந்தபின்னும் காலி நாற்காலிகள் நிரம்ப வெகுநாள் ஆயிற்று. சில இன்னும் நிரம்பவில்லை. வீட்டிலிருந்து பார்க்கிறோமே என்கிறார்கள். நம்மைப் பார்க்கவேண்டியவர்களும் கோயிலில் இருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளைகளோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய நம்பிக்கை என் சிறுவயது நம்பிக்கையைவிட ஆழமானதாகவே இருக்கலாம், கேள்வி கேட்டு நம்புகிறார்கள். அதற்கு வாரத்தில் ஒரு பிற்பகலை, அரிசியில் ஒரு பிடியை, கால்களுக்கு ஒரு முகவரியைக் கொடுக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் குருவானவரிடம் போய், முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வரமுடியாமல் இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். எல்லாச் சபையிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. அதில் உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருப்பவரின் முகவரியை வாங்கிக்கொண்டு அன்று பிற்பகலே போங்கள். பிரசங்கம் செய்யவேண்டாம். மாற்கு முதல் அதிகாரத்திலிருந்து நிதானமாக, சத்தமாக வாசியுங்கள். அவர் கையைக் காட்டினால் நிறுத்திக் கேளுங்கள்.